கிணறு வெட்ட பூதம்: பழைய ஆயில் டேங்கை எடுக்க ஆள் பிடிப்பது எப்படி?

எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.

இந்த வாரம் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் மெசேஜிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் வீடு பார்த்துக்கிட்டு இருக்காங்க. 1950களில் கட்டின வீடு. இப்போ கேஸ் ஹீட்டிங்தான். ஆனா பக்கச் சுவர் ஓரமா மண்ணுக்குள்ளிருந்து ரெண்டு இரும்புக் குழாய் நீட்டிக்கிட்டு நிக்குது. ஏஜென்ட்கிட்ட கேட்டா, "பழைய ஆயில் டேங்கா இருக்கும், பெரிய விஷயமில்லை, எடுத்துடலாம்"னு சொல்லியிருக்கார். அவங்க கேள்வி மூணு: யாரைக் கூப்பிடணும்? அவங்ககிட்ட என்ன கேட்கணும்? எவ்வளவு பயப்படணும்?

மூணாவதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். பயம் வேண்டாம். ஆனா அவசரமும் வேண்டாம். இந்த விஷயத்தில் பணத்தை இழக்கிறவங்க பெரும்பாலும் டேங்கால் இழக்கிறதில்லை, படிக்காமல் போட்ட கையெழுத்தால்தான் இழக்கிறாங்க.

நான் இன்ஜினியரும் இல்லை, வக்கீலும் இல்லை. நியூ ஜெர்சியில் குடியிருக்கிறவன், இந்த வேலை பக்கத்திலிருந்து நடக்கப் பார்த்தவன். இன்னைக்குச் சொல்றதெல்லாம் நியூ ஜெர்சி விதிகளை வெச்சுத்தான். வேற மாநிலம்னா அடிப்படை இதேதான், விதிகள் மாறும்.

டேங்க் ஏன் அங்க இருக்கு?

சென்னையில் கேட்கிற நண்பர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊர் வீட்டில் வாசல்ல தரைக்கு அடியில் தண்ணி சம்ப் இருக்குமே, அதை நினைச்சுக்கங்க. தண்ணிக்குப் பதில் உள்ளே டீசல் மாதிரி ஓர் எண்ணெய். காங்கிரீட்டுக்குப் பதில் வெறும் இரும்புத் தகடு. அதுதான் இந்த டேங்க்.

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் போன நூற்றாண்டின் நடுவில் பல வீடுகள் குளிருக்கு எரிச்சது இந்த எண்ணெயைத்தான். இரண்டாம் எண் ஹீட்டிங் ஆயில்னு பேர். டீசலுக்குக் கிட்டத்தட்ட உடன்பிறப்பு. பேஸ்மென்ட்டில் வைக்கிற டேங்க் வழக்கமா 275 கேலன், அதாவது ஆயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. மண்ணில் புதைக்கிறது 550 கேலன், சில இடத்தில் 1,000 கேலன். லாரிக்காரர் வருவார், வெளியே இருக்கிற குழாயில் ஊத்திட்டுப் போவார். எண்ணெய் உள்ளே இறங்க ஒரு குழாய், காத்து வெளியே போக ஒரு குழாய். நம்ம நேயர் பார்த்த ரெண்டு குழாய் அதுதான்.

1973 எண்ணெய் நெருக்கடியில் விலை ஏறினது, அப்புறம் தெருவுக்குத் தெரு கேஸ் லைன் வந்தது. ரெண்டும் சேர்ந்து ஏராளமான வீடுகள் கேஸுக்கு மாறிடுச்சு. மாறினவங்க பாய்லரை மாத்தினாங்க. மண்ணில் கிடக்கிற டேங்கைத் தோண்டி எடுக்கிறது தனிச் செலவு, அதனால் பலர் அதை அப்படியே விட்டுட்டாங்க. வீடு நாலு கை மாறின பிறகு, அது இருக்கிறதே யாருக்கும் நினைவில் இல்லை.

இரும்பு மட்டும் மறக்கல. ஈர மண்ணில் வெறும் இரும்பு வெளியிலிருந்து அரிக்கும். உள்ளே காத்தின் ஈரம் நீராகி, எண்ணெயை விடக் கனம்ங்கிறதால் அடியில் தங்கி, உள்ளிருந்தும் அரிக்கும். முதல்ல ஊசித் துளைதான். எண்ணெய் கசிஞ்சு மண்ணில் இறங்கும். கீழே நிலத்தடி நீர் வந்துட்டா அதுக்கு மேல மிதந்து, பக்கத்து வீட்டு மண்ணுக்கும் போகலாம்.

யார் பொறுப்பு?

இதுதான் இந்த எபிசோடின் மையம், கொஞ்சம் கவனமா கேளுங்க.

பெட்ரோல் பங்க் டேங்குகளுக்கு இருக்கிற மத்திய அரசு விதிகள், வீட்டிலேயே எரிக்கிற ஹீட்டிங் ஆயில் டேங்குக்குக் கிடையாது. அதனால் சிலர், "இது கட்டுப்பாடு இல்லாத டேங்க், கவலை வேண்டாம்"னு சொல்வாங்க. பாதி உண்மை. டேங்குக்குத்தான் கட்டுப்பாடு குறைவு, கசிவுக்கு அப்படி இல்லை. நியூ ஜெர்சியில் 1976இலிருந்து கசிவு இழப்பீட்டுச் சட்டம் ஒண்ணு இருக்கு. எண்ணெய் கசிஞ்சா பொறுப்பைச் சுமத்த, யார் அலட்சியம்னு நிரூபிக்க வேண்டிய அவசியமே அதில் இல்லை. இன்னைக்கு வீட்டுக்கு யார் உரிமையாளரோ, அவர் கதவைத்தான் முதல்ல தட்டுவாங்க.

பழைய உரிமையாளரைப் பிடிக்க முடியாதா? முடியும். 2015இல் மாநில உச்ச நீதிமன்றம் மாரிஸ்டவுன் அசோசியேட்ஸ் வழக்கில், இந்தச் சட்டப்படி மத்த பொறுப்பாளிகள்கிட்ட பங்கு கேட்டுப் போடும் வழக்குக்குக் காலக்கெடு இல்லைன்னு சொல்லிடுச்சு. ஆனா வழக்குப் போடற உரிமை வேற, கையில் பணம் வர்றது வேற. முப்பது வருஷத்துக்கு முன்னாடி இருந்தவரைத் தேடி வக்கீல் வெச்சு நடத்தறதுக்குள்ள, சுத்தம் செஞ்ச செலவை நீங்க கட்டி முடிச்சிருப்பீங்க.

வீட்டு இன்சூரன்ஸ்? பெரும்பாலான பாலிசிகள் மாசுபாட்டைத் தெளிவா விலக்கி வெச்சிருக்கும். பாலிசியை எடுத்து அந்தப் பத்தியை மட்டும் படிச்சுப் பாருங்க.

அதனால், வாங்குறவங்களுக்கு என் முதல் சொல்: கையெழுத்துப் போட்டு வாங்கும் முன்னாடியே தேடிடுங்க. இதுக்கு இங்க 'டேங்க் ஸ்வீப்'னு பேர். மெட்டல் டிடெக்டரும், மண்ணை ஊடுருவிப் பார்க்கிற ரேடாரும் எடுத்துக்கிட்டு வந்து தோட்டம் முழுக்கப் பார்ப்பாங்க. வீடு இப்போ கேஸ்ல ஓடினாலும் செய்யணும். பேஸ்மென்ட் சுவரிலோ தரையிலோ வெட்டி மடக்கின சின்னச் செப்புக் குழாய் தெரிஞ்சா, அதுவும் ஒரு தடயம். நியூ ஜெர்சியில் வீட்டு ஒப்பந்தத்துக்கு வக்கீல் பரிசீலனைன்னு மூணு வேலை நாள் கிடைக்கும். "டேங்க் இருந்தா விக்கிறவரே எடுத்து, மண்ணைச் சோதிச்சு, காகிதத்தோட தரணும்"னு அப்போவே எழுதி வாங்கச் சொல்லுங்க. வாங்கும் முன் ஒழுங்கா விசாரிச்சதுக்கு ஆதாரம் இருந்தா, பின்னால் சட்டத்திலும் அது உதவலாம். உங்க வக்கீல்கிட்ட அதையும் கேட்டு வைங்க.

வேலை நாளில் என்ன நடக்கும்?

ஒழுங்கா நடக்கிற வேலை எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தான், ஒழுங்கில்லாததை அடையாளம் காண முடியும். வரிசையாச் சொல்றேன்.

முதல்ல டவுன்ஷிப் கட்டட அலுவலகத்தில் பெர்மிட். அடுத்து 811க்கு போன். அமெரிக்கா முழுக்க ஒரே எண், இலவசம். கேஸ், கரன்ட், தண்ணி லைன் எங்க ஓடுதுன்னு வந்து தரையில் வண்ணத்தில் குறி போட்டுட்டுப் போவாங்க. நியூ ஜெர்சியில் தோண்டறதுக்குக் குறைஞ்சது மூணு வேலை நாள் முன்னாடி சொல்லணும். "நாளைக்கே வந்து எடுத்துடறேன்"னு ஒருத்தர் சொன்னா, இந்த ரெண்டில் ஒண்ணை அவர் விட்டுட்டார்னு அர்த்தம்.

அப்புறம் மேல் மண்ணை எடுத்து, டேங்கின் மேல்பக்கத்தைத் திறந்து, மிச்ச எண்ணெயையும் அடியில் இருக்கிற சேறையும் உறிஞ்சி எடுப்பாங்க. உள்ளே சுரண்டித் துடைப்பாங்க. உள்ளே ஆவி இருக்கும், காத்து போதாது, தீப்பொறி பட்டாலும் ஆபத்து. மச்சானும் நண்பனும் மண்வெட்டி எடுத்துக்கிட்டுச் செய்யற வேலை இது இல்லை. சுத்தமான பிறகுதான் டேங்கை வெளியே தூக்குவாங்க. டவுன்ஷிப் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். துளை இருக்கா, குழியில் எண்ணெய் வாசம் இருக்கா, மண் நிறம் மாறியிருக்கான்னு பார்த்துட்டு, நல்ல மண் போட்டு மூடுவாங்க. டேங்க் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

இன்னொரு வழியும் இருக்கு. எடுக்காமல், உள்ளே சுத்தம் செஞ்சு, மணலோ காங்கிரீட் கலவையோ ஃபோமோ நிரப்பி அங்கேயே விட்டுடறது. டேங்க் வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியிலோ, மேலே கட்டடமோ இருந்தா அது நியாயமான வழிதான். மத்தபடி எனக்கு அதில் விருப்பமில்லை. அடியில் மண் எப்படி இருக்குன்னு யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. நாளைக்கு நீங்க விக்கும்போது வாங்க வர்றவர் அதே கேள்வியைக் கேட்பார்.

பேஸ்மென்ட் டேங்க்னா ஒரு முக்கியமான எச்சரிக்கை. டேங்கை எடுக்கும்போது வெளியே இருக்கிற ரெண்டு குழாயையும் சேர்த்து எடுத்து, சுவர் ஓட்டையை அடைக்கணும். குழாய் மட்டும் நின்னுட்டா, என்னைக்காவது விலாசம் மாறி வந்த லாரிக்காரர் அதில் எண்ணெய் ஊத்திடுவார். டேங்க் இல்லாத பேஸ்மென்ட்டில் நூத்துக்கணக்கான கேலன் கொட்டின சம்பவங்கள் உண்மையிலேயே நடந்திருக்கு.

கான்ட்ராக்டர்கிட்ட கேட்க வேண்டியவை

மூணு பேர்கிட்டயாவது எழுத்தில் விலை வாங்குங்க. எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி கேளுங்க. அப்போதான் ஒப்பிட முடியும்.

ஒண்ணு, சான்று. நியூ ஜெர்சியில் இந்த டேங்க் வேலைக்கு மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையின் சான்று வேணும். டேங்கை மூடி எடுக்கிறதுக்கு ஒரு வகை, மண்ணை மதிப்பிடறதுக்கு இன்னொரு வகை. எண்ணைக் கேட்டு வாங்கி, துறையின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்க. வேலைக்கு வரப்போறது அவர் ஆட்களா, அல்லது வேற ஒருத்தருக்குக் கைமாத்தி விடுவாரான்னும் கேளுங்க.

ரெண்டு, இன்சூரன்ஸ். "எங்ககிட்ட இருக்கு"ன்னு எல்லாரும் சொல்வாங்க. சாதாரணப் பொதுப் பொறுப்பு பாலிசி பெரும்பாலும் மாசுபாட்டை விலக்கியிருக்கும். மாசுபாட்டுப் பொறுப்புக்குத் தனி பாலிசி இருக்கான்னு கேளுங்க. சான்றிதழை இன்சூரன்ஸ் ஏஜென்ட்கிட்டருந்து நேரா உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க.

மூணு, பெர்மிட் யார் பேரில்? கான்ட்ராக்டர்தான் எடுக்கணும். "நீங்களே எடுத்துட்டா செலவு மிச்சம்"னு சொன்னா, பொறுப்பு உங்க தலையில் ஏறுதுன்னு அர்த்தம்.

நாலு, விலையில் என்னென்ன அடங்கும்? உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெய் எத்தனை கேலன் வரைக்கும் இந்த விலையில் அடங்கும்? குழியை நிரப்பற மண்? உடைச்ச நடைபாதை, பிடுங்கின வேலி? மண் சாம்பிள், லேப் கட்டணம்? குறைஞ்ச விலை சொன்னவர் இதில் பாதியை வெளியே விட்டிருப்பார்.

அஞ்சு, இதுதான் தலையாய கேள்வி: கசிவு இருந்தா என்ன?

நம்ம ஊர்ல போர் போட்டவங்களுக்கு இது சட்டுனு புரியும். "அடிக்கு இவ்வளவு"ன்னு பேசி ஆரம்பிப்பாங்க. இருநூறு அடியில் தண்ணி வரும்னு சொல்லி, அறுநூறு அடி போன பிறகு நிறுத்தவா, தொடரவான்னு கேட்பாங்க. அந்த நிமிஷத்தில் நமக்கு எந்தப் பலமும் இருக்காது. இங்கயும் அதே கதை. டேங்க் எடுக்கிறது சில ஆயிரம் டாலரில் முடியும். மாசுபட்ட மண் எடுக்கிறது டன் கணக்கு. ஒரு கன கெஜம் மண்ணே ஏறக்குறைய ஒண்ணரை டன். ஒரு சின்ன அறை அளவுக்குத் தோண்டினாலே கணக்கு பெருசாகும். கசிவு மோசமா இருந்தா பல பத்தாயிரம் டாலர்.

ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வரி இது: "மாசு தென்பட்டால், தேவையான எல்லா வேலைகளையும் செய்ய உரிமையாளர் ஒப்புதல் தருகிறார்." இந்த மாதிரி வரி இருந்தா அடிக்கச் சொல்லுங்க. அதுக்குப் பதிலா எழுத வேண்டியது: "கசிவு தென்பட்டால் வேலையை நிறுத்தி உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். எழுத்து மூலம் ஒப்புதல் இல்லாமல் ஒரு டன் கூட எடுக்கக் கூடாது." கூடவே டன்னுக்கு விலை, லாரிச் செலவு, உச்ச வரம்பு எல்லாம் முன்கூட்டியே எழுதியிருக்கணும்.

குழி திறந்திருக்கும்போது

போன வருஷம் என் அக்கா வீட்டில் இதுதான் நடந்தது. வீட்டை விக்கிறதா முடிவாகி, தேதி குறிச்சாச்சு. டேங்கை வெளியே தூக்கினதும், வந்த மேஸ்திரி அடியில் ஒரு ஓட்டையைக் காட்டி, "கசிவு இருக்கு, குழியை இப்படித் திறந்து வைக்க முடியாது, இன்னைக்கே மண்ணை எடுத்தாகணும், இதில் கையெழுத்துப் போடுங்க"ன்னு டேப்லெட்டை நீட்டினார். அத்தானுக்கு முகம் வெளுத்துப்போச்சு. வீட்டை வித்த பணத்தில்தான் அடுத்த வீட்டுக்கு முன்பணம் கட்டணும்.

அக்கா அசரல. "ஓட்டையைப் பக்கத்துல காட்டுங்க"ன்னு கேட்டு நாலு பக்கமும் போட்டோ எடுத்தா. இதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். துருவால் வந்த துளைன்னா ஓரம் மெலிஞ்சு, பொரிஞ்சு, சுத்தி பள்ளம் பள்ளமா இருக்கும். தோண்டற இயந்திரத்தின் பல் கிழிச்சதுன்னா ஓரம் பளபளன்னு புது இரும்பாத் தெரியும், தகடு மடங்கியிருக்கும். அக்கா வீட்டு டேங்கில் ரெண்டுமே இருந்தது. கிழிசல் பெருசு, துருத் துளை சின்னது.

துருத் துளை இருந்ததால், மண்ணில் கசிஞ்சிருக்காதுன்னு சொல்லவே முடியாது. ஆனா எவ்வளவு கசிஞ்சிருக்குன்னு கண்ணால் சொல்லவும் முடியாது. அதுக்கு லேப் சோதனை வேணும். குழியைத் திறந்தே வைக்க முடியாதுங்கிறதும் சரியில்லை. சுத்தி வேலி கட்டி வைக்கலாம். அல்லது குழியில் பிளாஸ்டிக் விரிச்சுத் தற்காலிகமா மூடலாம். அக்கா ஒப்பந்தத்தில் 'நிறுத்தித் தெரிவிக்கணும்'ங்கிற வரி இருந்தது. அதைக் காட்டினதும் மேஸ்திரி டேப்லெட்டை உள்ளே வெச்சுட்டார்.

அடுத்து அவ கூப்பிட்டது மண் தோண்டாத ஒரு நிறுவனத்தை. மாநிலச் சான்று உள்ள மதிப்பீட்டாளர், சாம்பிள் எடுத்து அறிக்கை எழுதறது மட்டும்தான் அவங்க வேலை. எத்தனை டன் மண் போனாலும் அவங்களுக்கு ஒரு காசு கூடாது, குறையாது. மண்ணைச் சோதிச்சதில் டேங்குக்கு நேர் கீழே மட்டும்தான் அளவு மீறியிருந்தது. அந்த இடத்து மண்ணை மட்டும் எடுத்து, மறுபடி சோதிச்சு முடிச்சாங்க. விற்பனை ரெண்டு மாசம் தள்ளிப்போச்சு, செலவும் ஆச்சு. ஆனா அன்னைக்குச் சாயங்காலம் கையெழுத்துப் போட்டிருந்தா எங்க போய் நின்னிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.

தேடறவர், எடுக்கிறவர், சோதிக்கிறவர், சுத்தம் செய்யறவர் எல்லாரும் ஒரே கம்பெனியா இருந்தா அது சட்டத்துக்குப் புறம்பில்லை. நல்ல கம்பெனிகளும் அப்படி இருக்காங்க. ஆனா நோயைக் கண்டுபிடிக்கிறவரும் மருந்து விக்கிறவரும் ஒருத்தரேன்னா, இன்னொருத்தர் கருத்தைக் கேட்கிறதுக்குச் சங்கடப்பட வேண்டாம்.

மூடி மறைக்கலாமா?

ஒரு யோசனை எப்பவும் யாராவது சொல்வாங்க: "யாருக்கும் சொல்லாம மண்ணைப் போட்டு மூடிடு." வேண்டாம். கசிவு தெரிஞ்சா மாநிலத் துறையின் அவசர எண்ணுக்கு உடனே தெரிவிக்கணும்ங்கிறது சட்டம். உங்க கான்ட்ராக்டரும் சொல்லணும். தெரிவிச்சதும் ஒரு வழக்கு எண் தருவாங்க. பயமுறுத்தற வார்த்தைதான், ஆனா உங்களுக்கு நல்லது. சுத்தம் முடிஞ்சு அறிக்கை போன பிறகு, 'மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை'ன்னு துறை ஒரு கடிதம் தரும். வீட்டை விக்கும்போது அந்தக் கடிதத்துக்கு இருக்கிற மதிப்பு வேற எதுக்கும் இல்லை.

மூடி மறைச்ச எண்ணெய் மறையாது. அந்த வீட்டுக்கு வர்ற அடுத்த குடும்பத்தின் குழந்தை அந்த மண்ணில்தான் விளையாடும்.

கடைசித் தவணைக்கு முன்

முழுப் பணத்தையும் முதல்லயே கொடுக்காதீங்க. கடைசித் தவணையைக் காகிதங்கள் கைக்கு வந்த பிறகு கொடுங்க. என்னென்ன காகிதம்?

டவுன்ஷிப் பெர்மிட்டும், இன்ஸ்பெக்டர் ஒப்புதல் தந்த சான்றும். உறிஞ்சின எண்ணெய், சேறு எங்க போச்சுங்கிற ரசீது. டேங்கை இரும்புக்குப் போட்ட ரசீது. நிரப்பின மண் சுத்தமானதுங்கிற ஆவணம். சாம்பிள் எடுத்திருந்தா லேப் அறிக்கையும், எங்கிருந்து எடுத்தாங்கங்கிற வரைபடமும். டேங்கின் போட்டோக்கள். கசிவு இருந்தா மேலே சொன்ன துறைக் கடிதம்.

இத்தனையையும் ஸ்கேன் செஞ்சு, வீட்டுப் பத்திரம் இருக்கிற அதே ஃபோல்டரில் போட்டு வைங்க. அம்பது வருஷம் முன்னாடி யாரோ ஒருத்தர் காகிதம் வைக்காததுதான் இன்னைக்கு நம்ம தலைவலி. அடுத்து வர்றவங்களுக்கு நாம அதைக் கொடுக்க வேண்டாம்.

அடுத்த வாரம் வாடகை வீட்டில் இருக்கிறவங்களுக்கான எபிசோட்: அட்வான்ஸ் பணத்தை முழுசா திரும்ப வாங்கறது எப்படி? உங்க அனுபவங்களை வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க, ரெண்டு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். சந்திப்போம்.